நன்றிக்குப் பிறகு ஒரு நிமிடம்

சத்யப்பிரியாவிடம் யாரும் மறந்தும் ‘சும்மாதான் இருக்கேன்’ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அடுத்த நொடி அவளுடைய இயர்போனின் ஒரு முனை அவர்கள் காதில் இருக்கும், மறுமுனை அவள் காதில். ரெண்டே நிமிடம் என்பாள். அந்த ரெண்டு நிமிடத்துக்குள் ஒரு முழுப் பாட்டும், பாடியவர் எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறார், எத்தனை பிள்ளைகள் என்கிற விவரமும் வந்து முடிந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, மகளின் பள்ளிக்கூடத்து டீச்சர், ஒரு தடவை பல் பிடுங்கப் போன இடத்தில் அந்தப் பல் டாக்டர் என்று யாரையும் அவள் விட்டுவைத்ததில்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எப்படித்தான் பேசினாள் என்பது அவள் புருஷன் ஜெயப்பிரகாஷுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் சிபாரிசு செய்கிறவர்களில் பேர் எடுத்தவர் ஒருத்தரும் கிடையாது. பெரிய பாடகர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கொட்டாவி விடுவாள். அவுங்களுக்குத்தான் ஊரே இருக்கே, நான் எதுக்கு என்பாள். பரங்கிப்பேட்டையில் தஃப் மேளம் அடித்துக்கொண்டு பாடும் நான்கு மீன் வியாபாரிகள், கடலூர் முதுநகரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மட்டும் பாடுகிற அக்கா தங்கைகள் மூன்று பேர், புவனகிரியில் பகலில் தையல் மிஷினும் சாயங்காலம் கிளாரினெட்டுமாக இருக்கும் ஒருவர், இவர்கள்தான் அவளுடைய ஆட்கள். அந்த மூன்று சகோதரிகளில் கடைசிப் பெண்ணின் குரலைக் கேட்டும் ஒருத்தன் பேசாமல் இருந்துவிட்டால் அவனிடம் அவளுக்கு இரண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

சொந்தக்காரர்கள் அவளைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பாட்டைத் திறக்காமலே கைதட்டும் படத்தை அனுப்பிவிடுவார்கள். அவளா ஏமாறுகிறவள்? உடனே போன் போட்டு, எந்த இடம் பிடித்தது என்று கேட்பாள். பாவம் ஜெயப்பிரகாஷுக்குத்தான் தப்பிக்க வழியே இல்லை. டிராக்டர் ஷோரூமில் பகல் முழுக்க இன்ஜின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிற மனிதன், பாட்டு ஆரம்பிக்கும் முன்பே நல்லாருக்கு என்று சொல்லிவிடுவான். அதற்கும் திட்டு வாங்குவான். ஆனால் அவள் ஒரு குரலைக் கேட்டுவிட்டு முகம் சிவந்து பேசும்போது அவனுக்குப் பாட்டைவிட அந்த முகம் பிடிக்கும். அதை மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

இந்தப் பைத்தியம் அவளுக்கு வந்தது தொழிலால்தான். சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு துணிக்கடை மாடியில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவில் பதினொரு வருடமாகக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். கேமராவில் படத்தோடு சேர்ந்து பதிவாகிற சத்தத்தை எடிட்டர்கள் கேட்பதே கிடையாது. அழித்துவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். சத்யப்பிரியா மட்டும் அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகக் கேட்பாள். பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கும் சம்பந்திமார் முணுமுணுப்புக்கும் அடியில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு மூலையில் எவராவது உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத்தான் அவள் தேடிப் பிடித்தாள்.

‘எட்டாம் மதகு’ அவளுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். சேத்தியாத்தோப்பில் நடந்த ஒரு வரவேற்பு. கேமரா பாயசத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண்குரல், கூடவே ஒரு கிட்டார். வாளி கரண்டிச் சத்தத்தைத் தாண்டி அந்தக் குரல் வந்து நின்ற விதத்தில், சத்யப்பிரியா கையில் இருந்த டீயை ஆறவிட்டுவிட்டாள். மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்துப் பஸ் ஏறிவிட்டாள். மூன்று பேர் இருந்தார்கள். பாடுகிற வெண்மதி ஒரு ஸ்கேன் சென்டரில் லேப் டெக்னீஷியன். பாட்டெழுதுவதும் அவள்தான். கிட்டார் கதிர்வேல் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். தாளத்துக்கு எழிலன். ஒரு மரப்பெட்டியையும் உறுமியையும் வைத்துக்கொண்டு அவனே பத்துப் பேர் வேலை செய்வான். ஊரை ஒட்டிய அணைக்கட்டின் எட்டாவது மதகுக்கு மேலே உட்கார்ந்து பாடிப் பழகியதால் அந்தப் பேர்.

அவர்களிடம் ஒரு பாட்டு இருந்தது. மதகு திறக்கிற நாளில் ஆற்றில் தண்ணீர் வருவதைப் பற்றியது.

‘கதவத் தெறந்து விடு, கரையெல்லாம் காத்திருக்கு,
வர்றவள வழிமறிச்சா வயக்காடு என்ன செய்யும்.’

இதைக் கேட்டதிலிருந்து சத்யப்பிரியாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஊர் முழுக்கச் சொன்னாள். யூடியூபில் அவர்கள் போட்டிருந்த பாட்டை மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் அவளே பார்த்தது.

இப்போது ஸ்டுடியோ முதலாளி கோவிந்தசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயப்பிரகாஷுக்குத் தூரத்து உறவு, அதனால் அவளுக்கு மாமா. மோசமான மனிதர் இல்லை. தீபாவளிக்கு அவளுக்கு ஒரு புடவை, அவள் மகளுக்கு ஒரு பாவாடை தவறாமல் எடுத்துக் கொடுப்பவர். ஆனால் வாய் திறந்தால் வியாபாரம் தவிர வேறு எதுவும் வராது.

ஒரு தடவை, மணப்பெண் மேடைக்கு நடந்து வருகிற காட்சிக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றினார்கள். பாட்டுக்கு உரிமைக்காரர்கள் ஆட்சேபம் செய்ததில், அங்கே சத்தமே இல்லாமல் போய்விட்டது. துபாயில் இருந்து பார்த்த பெண்ணின் அண்ணன், என் தங்கச்சி கல்யாணம் என்ன ஊமைப்படமா என்று போனிலேயே குதித்தான். கோவிந்தசாமிக்குக் கை கால் ஓடவில்லை. அப்போதுதான் சத்யப்பிரியா எட்டாம் மதகு பாட்டை எடுத்து நீட்டினாள். இதற்கு ஆட்சேபம் வராது, வெண்மதியிடம் கேட்டுவிட்டேன் என்றாள். அதே காட்சியில் வைத்தாள். பாட்டு அளவெடுத்துத் தைத்த ரவிக்கையாக உட்கார்ந்துவிட்டது.

வெண்மதி அதற்குக் காசு கேட்கவில்லை. “பேரு மட்டும் போட்டுடுங்கக்கா, அது போதும்” என்றாள். சத்யப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வீடியோவைப் பார்த்த பெண்வீட்டார், இது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டார்கள். அங்கேதான் கோவிந்தசாமியின் வியாபார மூளை வேலை செய்தது. படப்பாட்டு இல்லீங்க, உங்க வீட்டுக் கல்யாணத்துக்குன்னே ஸ்பெஷலா செய்ய வச்சது என்று ஒரு போடு போட்டார். அவர்கள் பூரித்துப் போனார்கள். அடுத்த கல்யாணத்திலும் அதையே சொன்னார். மூன்றாவது கல்யாணத்தில் அது ஸ்டுடியோவின் கோல்டு பேக்கேஜில் ஒரு அயிட்டமாகவே ஆகிவிட்டது. கடலூர், புவனகிரி, குறிஞ்சிப்பாடி என்று நாற்பத்தொரு குடும்பங்கள், தங்கள் வீட்டுக்கென்றே பிறந்த பாட்டு என்று நம்பி அதை வைத்திருந்தன.

பேர் போடுகிற விஷயத்தில் மட்டும் அவர் பிடி கொடுக்கவில்லை. கல்யாண வீடியோவில் பொண்ணு, மாப்பிள்ளை, ஸ்டுடியோ, இந்த மூன்று பேரைத் தவிர நாலாவது பேர் வரக்கூடாது என்றார். அதிலும், ஸ்பெஷல் பாட்டு என்று சொன்ன பிறகு எவனோ ஒருவன் பேரைப் போட்டால் குட்டு உடைந்துவிடுமே. சத்யப்பிரியா சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரு திருட்டு வழியில் போனாள். வீடியோவின் கடைசியில் இரண்டு புறாக்கள் பறந்து வந்து ‘நன்றி’ என்று எழுதிவிட்டுப் போகும். அதோடு எல்லோரும் டிவியை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு முழு நிமிடம் கறுப்புத் திரையை ஓடவிட்டு, அதன் முடிவில் சின்ன எழுத்தில் மூன்று பேருடைய பேரையும் ஊரையும் வைத்தாள். நாற்பத்தொரு வீடியோவிலும் வைத்தாள். ஒருத்தரும் பார்க்கவில்லை, முதலாளி உட்பட.

பேர் போட்டாச்சா என்று வெண்மதி கேட்டபோது, போட்டாச்சு என்றாள். பொய் இல்லைதான். ஆனாலும் சொல்லும்போது வெண்மதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோவிந்தசாமி விற்கிற பொய்யைப் பற்றியோ மூச்சே விடவில்லை. பாட்டு நாலு வீட்டுக்குள் போகிறதே, எப்படிப் போனால் என்ன என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். ஊரில் ஒரு பாட்டு பரவ வேண்டும் என்று தலைகீழாக நிற்பவளுக்கு, திருட்டு வழியில் பரவினாலும் பரவட்டும் என்று தோன்றிவிட்டது. அவள்மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் அது தப்புதான்.

இந்த வருடம் தை மாதக் கடைசியில் கதிர்வேல் வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ், கிட்டாரை ஒருத்தன் கேட்டிருக்கிறான், அவனிடம் கொடுத்துவிட்டுப் போகப் போகிறேன் என்றான். கிட்டாரை ஏண்டா கொடுக்குற என்று கேட்டதற்கு அவன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

“அக்கா, உங்க ஒரு ஆளுக்காகத்தான் இவ்ளோ நாளா வாசிக்கிறோம். எங்க பாட்டு வீடு வீடா ஓடுதுன்னு நீங்க சொல்றீங்க. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எங்ககிட்ட வந்து நீங்கதானே அதுன்னு கேக்கலியே.”

வீடியோ வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது அவர்கள் வீட்டுப் பாட்டு. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாரம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மேடை நிகழ்ச்சிகள் உண்டு. மேடைக்குப் பொறுப்பாக இருந்த இளவரசு என்கிற தமிழாசிரியரை அவள் மூன்று நாள் விடாமல் துரத்தினாள். என்ன படத்தில் பாடியிருக்கிறார்கள் என்று கேட்டார். படத்தில் பாடவில்லை என்றாள். அப்படியானால் எதற்கு என்றார். இயர்போனை எடுத்து அவர் காதில் வைத்தாள். அவர் கேட்டாரா, தொல்லை விட்டால் போதும் என்று நினைத்தாரா தெரியவில்லை, வெள்ளிக்கிழமை பட்டிமன்றத்துக்கு முன்னால் இருபது நிமிடம் கொடுத்தார். கதிர்வேல் ஒத்துக்கொண்டான். இதுதான் கடைசி, கேட்க ஆள் இல்லை என்றால் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே சத்யப்பிரியா சிதம்பரத்தில் பஸ் ஏறினாள். அவள் சிபாரிசுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் பரீட்சை என்று அவளுக்குத் தோன்றியது. தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். அத்தனை பேரும் கைதட்டும் படம் அனுப்பியிருந்தார்கள்.

மைதானத்தில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எல்லாம் ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும். மேடைக்கு முன்னால் முந்நூறு நாற்காலிகள். அதில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களும் பட்டிமன்றத்துக்கு இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள். ஐந்தரை மணி வெயிலில் எட்டாம் மதகு மேடை ஏறியது. முதல் பாட்டுக்கு ஒருவர் மொபைலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். இரண்டாவது பாட்டுக்கு அவரும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். மேடையோரம் நின்ற சத்யப்பிரியாவைக் கதிர்வேல் ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

மூன்றாவதாக வெண்மதி, ‘கதவத் தெறந்து விடு’ என்று ஆரம்பித்தாள்.

டெல்லி அப்பளக் கடையின் முன்னால் ஒருவன் திரும்பினான். தோளில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் மனைவி. செம்பியன் என்று பேர், நெல்லிக்குப்பம் ரோட்டில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை மேடையைக் காட்டி என்னவோ சொன்னது. மூன்று பேரும் நேராக மேடையைப் பார்த்து வந்தார்கள். சத்யப்பிரியாவுக்கு அந்த முகங்கள் தெரிந்தன. தெரியாமல் என்ன? அவர்கள் கல்யாணத்தை இருபது நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டியவள் ஆயிற்றே. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் விஷயம் உறைத்தது.

செம்பியன் மேடைக்குக் கீழே நின்று கையை நீட்டினான். பாட்டை நிறுத்தச் சொன்னான். இது எங்க கல்யாணத்துக்குன்னு காசு குடுத்து செஞ்ச பாட்டு, இத எப்படி நீங்க மேடையில பாடலாம் என்று சத்தமாகக் கேட்டான். வெண்மதி பாதி வரியில் நின்றாள். கதிர்வேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குள் நாற்காலி வரிசையில் இருந்து ஒரு அம்மாள் எழுந்தார். கூத்தப்பாக்கத்தில் மாவு மில் நடத்துகிற ஞானாம்பாள். பட்டிமன்றம் கேட்க வந்தவர். “யாரு கல்யாணத்துக்கு? எம்மவன் கல்யாணத்துக்கு செஞ்ச பாட்டு தம்பி இது. மூணு வருஷமா எங்க வீட்ல ஓடுது” என்றார். இந்த இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றும்போதே, பானிபூரித் தட்டோடு நின்ற இன்னொரு ஜோடி, அதெப்படி, போன ஆவணியில எங்களுக்குத்தானே செஞ்சாங்க என்று உள்ளே நுழைந்தது.

நம் ஊரில் கச்சேரிக்குக் கூடாத கூட்டம் சண்டைக்குக் கூடும். ராட்டினத்தை விட்டு, பஜ்ஜியை விட்டு ஜனங்கள் வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் முந்நூறு நாற்காலியும் நிரம்பி, சுற்றி நிற்கவும் ஆள் ஜாஸ்தியாகிவிட்டது. இளவரசு மூச்சு வாங்க ஓடி வந்து, அடுத்தவர் பாட்டைத் திருடிப் பாடுவதற்கா என் மேடையைக் கேட்டீர்கள் என்று வெண்மதியிடம் பாய்ந்தார். அந்தப் பெண், தான் எழுதிய பாட்டுக்குத் தானே திருடி என்று பேர் வாங்கி, ஊர் நடுவே கண் கலங்கி நின்றாள்.

சத்யப்பிரியா அதைப் பார்த்தாள். வேலை போய்விடும் என்று தெரியும். மாமாவின் பேர் கெட்டுவிடும், புருஷன் வீட்டு உறவில் விரிசல் விழும் என்பதும் தெரியும். பல் டாக்டரிடம்கூடப் பேசத் தயங்காதவளுக்கு மேடையின் நாலு படி ஏறுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. மைக்கை வாங்கினாள்.

“பாட்டு இவுங்களோடதுதாங்க. எழுதி மெட்டுப் போட்டது இந்தப் பொண்ணு வெண்மதி. உங்க யாருக்குன்னும் செஞ்சது இல்ல. உங்க எல்லாருக்கும் வீடியோ எடிட் பண்ணது நான்தான். ஸ்பெஷல் பாட்டுன்னு சொன்னது பொய். அத நான் சொல்லல, ஆனா தெரிஞ்சும் சும்மா இருந்தேன். இவுங்க கேட்டது பேரப் போடுங்கன்னு ஒண்ணுதான். அதையும் நான் ஒளிச்சுதான் வெச்சேன்.”

கூட்டத்தில் சலசலப்பு. செம்பியன் நம்பவில்லை. எங்கே பேர் இருக்கிறது, காட்டுங்கள் என்றான். போனில் வீடியோ இருந்தால் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்கள், நன்றி வந்த பிறகு அணைத்துவிடாதீர்கள் என்றாள். அவன் மனைவி போனை எடுத்தாள். புறாக்கள் வந்தன, போயின. கறுப்புத் திரை வந்தது. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று சத்யப்பிரியாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை பேரும் ஒரு சின்னப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வெண்மதி, கதிர்வேல், எழிலன், சேத்தியாத்தோப்பு.

ஞானாம்பாள் தன் மருமகளுக்குப் போன் போட்டு, அங்கேயும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் அதே மூன்று பேர்.

இனி என்ன நடக்குமோ என்று சத்யப்பிரியா மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். அவளை ஒரு முறை முறைத்தார், அவ்வளவுதான். நேராக வெண்மதியிடம் போய் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“எம்மவன் கல்யாணத்துல பாடுனவ நீயா? சமையக்காரன்ல இருந்து வாழமரம் கட்டுனவன் வரைக்கும் ஒக்கார வெச்சு சோறு போட்டு அனுப்புனோம். உனக்கு ஒரு வாய் போடலியேம்மா.”

வெண்மதி அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. ஞானாம்பாள் முந்தானையால் துடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வீட்டுக்கு வர வேண்டும், இலை போட்டுத்தான் அனுப்புவேன் என்று தீர்மானமாகச் சொன்னார். கோபம் தீராமல் நின்ற செம்பியனிடம் அவன் குழந்தை, பாட்டு எப்போப்பா என்று கேட்டது. அவன் இளவரசுவைப் பார்த்து, பாடச் சொல்லுங்க சார் என்று முனகினான்.

முதலில் இருந்து பாடினார்கள். இந்தத் தடவை எழிலனின் உறுமிக்கு மைதானமே திரும்பியது. செம்பியனின் மனைவி கூடவே பாடினாள். ஞானாம்பாள் பாடினார். பானிபூரி ஜோடி பாடியது. கூட்டத்தின் பின்னால் இருந்தும் நாலைந்து இடத்தில் குரல் வந்தது. அவர்களும் நாற்பத்தொன்றில் யாராவது இருக்க வேண்டும். ஒரு நிமிடம் நாற்பது வினாடி வரைக்கும் அத்தனை பேரும் வரி பிசகாமல் பாடினார்கள். பிறகு எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள்.

சத்யப்பிரியாவுக்குக் காரணம் தெரியும். அந்த இடத்தில்தான் அவள் பாட்டை வெட்டியிருந்தாள். அதற்குப் பிறகு வருவது, வயலில் நிற்காமல் கடலுக்குப் போய்விட்ட தண்ணீரைப் பற்றிய சரணம். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் அழுதுவிடுவார்கள் என்று நாற்பத்தொரு தடவையும் அதை நறுக்கி எடுத்திருந்தாள்.

‘நில்லுன்னு சொல்லிப் பாத்தேன், நிக்காமப் போயிருச்சு,
கரமேல எந்நெழலு மட்டுந்தான் கெடக்குது.’

வெண்மதி ஒற்றைக் குரலில் பாடினாள். யாரும் போனைப் பார்க்கவில்லை. தங்கள் வீட்டுப் பாட்டு என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள், அதன் பாதியை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்கள். இயர்போனைத் திணிக்காமல், எந்த இடம் பிடித்தது என்று துளைக்காமல், இத்தனை பேர் இத்தனை அமைதியாக ஒரு பாட்டைக் கேட்பதை அவள் வாழ்க்கையில் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

நடுவில் அவள் போன் அடித்தது. கோவிந்தசாமி. அதற்குள் யாரோ அவருக்குச் சேதி சொல்லியிருந்தார்கள். பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே சத்யா என்று ஆரம்பித்தவர், இரண்டு திட்டுக்குப் பிறகு திடீரென்று நிறுத்தினார். பின்னால் கேட்பது அந்தப் பாட்டுதானா, இந்த வரி இதில் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் மாமா என்றாள். பிறகு, போனை மேடைப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடி, மிச்சத் திட்டை நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்றார். அவள் தூக்கிப் பிடித்தாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்க நேரம் ஆனது. பட்டிமன்றப் பேச்சாளர்கள் பொறுமை இழந்து மேடைக்குப் பின்னால் நின்றார்கள். செம்பியன் கதிர்வேலிடம் வந்து, நீங்கதானே அது என்று கேட்டுக் கைகொடுத்துவிட்டு, போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான். கதிர்வேல் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் என்பது வெண்மதிக்கும் எழிலனுக்கும் தெரியும், சத்யப்பிரியாவுக்கும் தெரியும். அவன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கிக்கொண்டிருந்த ஞானாம்பாளின் பின்னால் போனான்.

“அம்மா, ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரணும்?” என்றான். அவர் பன்னிரண்டு என்றதும், ஒரு நிமிடம் தயங்கிவிட்டுக் கேட்டான். “கிட்டாரும் எடுத்தாரலாமா?”